வஜ்ரசேனின் இடது கண்

பத்துக்கு நாலு. அதைச் சொல்லும்போது அந்தப் பெண் சிரித்தாள். மார்க்கைக்கூட மன்னித்திருப்பேன், அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் முதலாளி குரானா சார் தன் அறையில் அந்த வீடியோவை மூன்றாவது முறையாக ஓடவிட்டார். நான் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். திரையில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, ஷ்ருதி என்று பெயர், எங்கள் வஜ்ரசேனைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். "கவசத்துக்குப் பத்துக்கு ஒன்பது. மூட்டெல்லாம் நன்றாக மடங்குகிறது, எட்டு. மேலங்கியின் தையலுக்கு எட்டரை. இப்போது முகத்துக்கு வருவோம்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, காமிராவைப் பொம்மையின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனாள். "இவர் யாரைக் காப்பாற்றப் போகிறார்? ஒரு கண் கனாட் பிளேஸைப் பார்க்கிறது, இன்னொரு கண் காஜியாபாத்தைப் பார்க்கிறது. முகம் போனால் எல்லாம் போச்சு. மொத்தம் பத்துக்கு நாலு."

வீடியோவுக்குக் கீழே ஆயிரத்து முந்நூறு பேர் சிரித்து வைத்திருந்தார்கள்.

வஜ்ரசேன் என்பவன் செல்போனில் வாராவாரம் வரும் ஒரு ஹிந்திப் படக்கதையின் சூப்பர்ஹீரோ. டெல்லி ஓக்லாவில் இருக்கும் எங்கள் கம்பெனி அவனை ஓரடி உயரத்துக்குச் செய்து விற்கிறது. முந்நூறு பொம்மைதான், அதற்கு மேல் ஒன்றுகூடச் செய்வதில்லை. குழந்தைகளுக்கான சாமான் இல்லை இது. வாங்குகிறவர்கள் எல்லாரும் மீசை முளைத்த ஆண்களும் வேலைக்குப் போகும் பெண்களும். கண்ணாடி அலமாரியில் நிற்க வைத்து விளக்குப் போட்டுப் பார்ப்பார்கள். அட்டைப்பெட்டியின் மூலை மழுங்கியிருந்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு மாறுகண் வீரனை அனுப்பி வைத்திருக்கிறோம்.

என் பெயர் பிலோமினா. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுத் தலைவி என்று என் அடையாள அட்டையில் இருக்கிறது. பிரிவு என்றால் நானும் ஒரு லென்ஸும்தான். இங்கே வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் பார்த்தேன். ஓர் அங்குலத்தில் ஒரு தையல் குறைந்தாலும் சட்டையைத் தூக்கி எறிவேன். இங்கே பொம்மைகளைத் தூக்கி எறிகிறேன். பெயின்ட் ஒரு மயிரிழை வழிந்திருந்தால், கவசத்தின் பொன்நிறம் கழுத்தில் பட்டிருந்தால், முழங்கால் மூட்டில் நிறம் உரிந்திருந்தால், பாஸ் கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவள் என்று எனக்குப் பெயர். 'மிர்ச்சி மேடம்', அதாவது மிளகாய் மேடம், என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவதும் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"கண் வைப்பது யார்?" என்று கேட்டார் குரானா.

வர்ணப் பிரிவில் ஆறு பெண்கள். ஐந்து பேர் கவசமும் உடையும் பூசுகிறவர்கள். முகத்தில் கண் வைப்பது வடிவு ஒருத்தி மட்டும். கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண், முப்பத்திரண்டு வயது. தரை துடைக்க வந்தவள். ஒருநாள் ஆள் இல்லாத அவசரத்தில் ஒரு தலைக்குக் கண் வைத்துக் காட்டினாள். மறுநாளிலிருந்து துடைப்பத்தை வேறு ஒருத்தி எடுத்துக்கொண்டாள். அவ்வளவு நிதானமான கை.

"வடிவு" என்றேன்.

அன்று மதியமே அவளைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு முதலில் கோபம் வந்தது வடிவின் மேல்தான். அவள் தன் பிரஷ்களைச் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"நான் சாம்பிளப் பாத்துதானக்கா வெச்சேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார்கிட்ட."

"என்னத்தச் சொல்லச் சொல்லுத? ஊரே பாத்துச் சிரிக்கி. நான் போய் ஒனக்கு வக்காலத்து வாங்கணுமாக்கும்?"

அவள் பிரஷ் சுருட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனாள். நான் லென்ஸை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் பொம்மைகள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் பதினொன்று. என் மேஜையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றாக லென்ஸுக்கு அடியில் வைத்தேன். எங்கள் வேலைமுறை இதுதான்: புதிய பொம்மைக்கு அச்சு செய்ததும் முதல் தலையை எடுத்து, வெளியிலிருந்து வரும் ஒரு கலைஞர் வர்ணம் பூசிக் கொடுப்பார். நான் அதைப் பார்த்து, சரி என்றால் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டு, நூலில் கட்டி அதன் கழுத்தில் மாட்டுவேன். அதுதான் சாம்பிள். அதன் பிறகு வருகிற முந்நூறு தலையும் அந்தத் தலையைப் போல இருக்க வேண்டும். இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் குப்பை. யாரும் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்யக் கூடாது.

பதினொரு தலையும் சாம்பிளோடு ஒத்துப்போயின. கருவிழி குழியின் நட்ட நடுவில். ஓரம் சுத்தம். பதினொன்றையும் நான்தான் பாஸ் செய்திருக்கிறேன், இன்னொரு தடவை வந்தாலும் பாஸ்தான் செய்வேன்.

அப்போது என் கோபம் அந்த ஷ்ருதியின் மேல் திரும்பியது. லென்ஸ் இல்லை, அளவுகோல் இல்லை, பன்னிரண்டு வருட அனுபவம் இல்லை. கையில் ஒரு செல்போன், வாயில் நாலு வேடிக்கைப் பேச்சு. இவள் மார்க் போடுகிறாளாம், அதைப் பார்த்து ஒரு தொழிலாளி வேலை இழக்கிறாளாம். நான் போய் அவள் மூக்கை உடைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். பொம்மை அனுப்பிய பட்டியலில் அவள் முகவரி இருந்தது. மயூர் விஹார். நானும் அங்கேதான் இருக்கிறேன், பத்து நிமிஷ நடை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக அங்கே போனேன். கைப்பையில் சாம்பிள் தலையைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தேன். கம்பெனியை விட்டு அது வெளியே போகக் கூடாது. ஆனால் ஆதாரம் இல்லாமல் சண்டைக்குப் போகிறவள் இல்லை நான்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அவளேதான். நான் யார் என்று சொன்னதும் முகம் கொஞ்சம் வெளுத்தது. என் ஹிந்தியில் இருந்த தமிழ் வாடையைக் கேட்டதும் மறுபடி மலர்ந்தது.

"ஆன்ட்டி, நீங்க தமிழா? நாங்களும்தான். என் தமிழ் கொஞ்சம் கச்சா, தப்பா எடுத்துக்காதீங்க."

"ஒன் தமிழ் எப்படி இருந்தா எனக்கென்ன. எங்க பொம்மையக் கொண்டா. எங்க கோணலுன்னு காட்டு."

தன் அறைக்கு அழைத்துப் போனாள். மூன்று சுவரிலும் அலமாரி. நூறு பொம்மையாவது இருக்கும், பறக்கிறவன், முகமூடிக்காரி, வாலுள்ளவன், எல்லாரும் விளக்கு வெளிச்சத்தில் விறைப்பாக நின்றார்கள். நான் லென்ஸை வெளியே எடுத்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"லென்ஸ் வேணாம் ஆன்ட்டி. நான் அது யூஸ் பண்றதே இல்லை. வாங்கறவங்க ஷெல்ஃப்ல வெச்சு இங்கேர்ந்துதானே பாப்பாங்க. நீங்க இந்த பெட்ல உக்காருங்க. அவ்ளோதான், சும்மா பாருங்க."

உட்கார்ந்தேன். அவள் வஜ்ரசேனை என் கண் மட்டத்துக்கு நேரான தட்டில் நிறுத்தினாள். ஆறடி தூரம் இருக்கும். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. வலது கண் என் நெற்றியில் இருந்தது, இடது கண் என் தோளைத் தாண்டி ஜன்னலுக்குப் போயிருந்தது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

கைக்குட்டையை அவிழ்த்து, சாம்பிள் தலையை அவனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தேன். இரண்டு பேருடைய இடது கண்ணும் ஒரே மாதிரி என்னைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தது. சாம்பிளின் கழுத்தில் சீட்டு தொங்கியது. நீல மையில் என் கையெழுத்து.

"அட, இதுவும் டேடா, கோணல்! இந்த சைன் யாரோடது ஆன்ட்டி?" என்று கேட்டாள் ஷ்ருதி.

தலையை எடுத்துச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். அவளுடைய மூக்கை உடைக்கப் போன எனக்கு லிஃப்டுக்குக் காத்திருக்கக்கூடப் பொறுமை இல்லை.

என்ன நடந்தது என்று எனக்கு அந்தப் படிக்கட்டிலேயே புரிந்துவிட்டது. அச்சு எங்கோ ஒரு மயிரிழை கோணிப்போயிருக்கிறது. இடது கண் குழி கொஞ்சம் கீழே இறங்கி, வெளிப்பக்கம் திரும்பிவிட்டது. அந்தக் குழியின் நடுவில் கருவிழியை வைத்தால் பார்வை ஓடிவிடும். லென்ஸுக்கு அடியில் ஒரு நேரத்தில் ஒரு கண்தான் தெரியும். நான் வலது கண்ணைப் பார்த்தேன், சரியாக இருந்தது. இடது கண்ணைப் பார்த்தேன், அதுவும் சரியாக இருந்தது. இரண்டையும் சேர்த்து, ஒரு முகமாக, ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. தையலைப் பார்த்தே பழகிப்போனவள் சட்டையைப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

இது மட்டும் என்றால் தவறு என்று சொல்லி முடித்திருக்கலாம். இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, அதுதான் என்னைக் கொன்றது.

மூன்று மாதம் முன்பு வடிவு முதல் இருபது தலைக்குக் கண் வைத்து என் மேஜைக்கு அனுப்பினாள். லென்ஸில் பார்த்தேன். இருபதிலும் இடது கருவிழி நடுவில் இல்லை. மூக்குப் பக்கமாக, கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முன்னால் டம்மென்று வைத்தேன். மற்ற ஐந்து பேரும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"என்னட்டி இது? சாம்பிள்ல எங்க இருக்கு, நீ எங்க வச்சிருக்க?"

"அக்கா, சாம்பிள்ல இருக்கறாப்ல வெச்சா பார்வ ஓடுதுக்கா. இத்த கொஞ்சம் எட்ட வெச்சிப் பாருங்க."

"எட்ட வச்சுப் பாக்கதுக்கு இது என்ன தேரா? ஒன் வேல கண்ணு வைக்கது. பாக்கது என் வேல. நாலு தல வரைஞ்சதும் பெரிய ஆளாயிட்டியோ? இருவதையும் தின்னர் போட்டுத் தொட."

அவள் துடைத்தாள். எல்லாரும் பார்க்க, இருபது நல்ல முகங்களைத் துடைத்துவிட்டு, இருபது கோணல் முகங்களை வைத்துக் கொடுத்தாள். நான் லென்ஸில் பார்த்து, "இது வேல" என்று சொல்லி பாஸ் செய்தேன்.

வீட்டுக்குப் போகவில்லை. வடிவின் குடியிருப்பு எது என்று மஹாலட்சுமிக்குப் போன் போட்டுக் கேட்டேன். மஹாலட்சுமி கவசத்துக்குப் பொன்நிறம் பூசுகிறவள், வடிவுக்கு அடுத்த நாற்காலி. வழி சொன்னாள், ஆனால் எதற்கு என்று இரண்டு முறை கேட்டாள். ரயில் பாதையை ஒட்டி, தகரமும் செங்கல்லுமாக நெருக்கிக் கட்டிய வீடுகள். தமிழ் ஆட்கள் இருக்கும் சந்து தனியாக இருக்கிறது. வடிவு வாசலில் குந்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வடிவு, தப்பு என் மேலதான். அந்தச் சாம்பிளே கோணல். இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

"எனக்கு அன்னிக்கே தெரியும்."

"மன்னிச்சுக்கோ."

அவள் தேய்த்த குண்டானைக் கவிழ்த்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"முன்னூறு மொகம்க்கா. ஒவ்வொண்ணுலயும் கோணலுன்னு தெரிஞ்சே வெச்சேன். உங்களுக்குப் பயந்துக்கினு வெச்சேன். ராவுல கண்ண மூடினா அதுங்கதான் வந்து நிக்கும். அத்த வெச்ச கைக்கு நீங்க இன்னா மன்னிப்பு குடுப்பீங்க?"

"சார்கிட்டச் சொல்லி வேலைக்கு..."

"வேல கெடக்குது. மூணு வூட்ல பாத்திரம் தேய்க்கறேன், சாப்பாட்டுக்குக் கொறையில்ல. ஓக்லாவுல நாலு எடத்துல போய்க் கேட்டேன். நாலு எடத்துலயும் 'கண்ணு கோணலா வெச்சவ நீதான'ன்னு சிரிக்கறாங்க. வீடியோவ எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க. நான் எட்டு வருஷமா வெச்சதுல ஒரு கண்ணு கோணலுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா? அந்தப் பேரு போச்சு. அது தின்னர் போட்டா போவுமா?"

"போகாதுதான்" என்றேன்.

"இங்க யாருமில்லாத சந்துல வந்து தப்புன்றீங்க. அன்னிக்கு என்ன அஞ்சு பேரு பாக்கத் திட்டினீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் திரும்பி நடந்தேன். என் மேலேயே வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மெட்ரோவில் இடித்த ஒரு ஆள்மேல் எரிந்து விழுந்தேன். அவன் பாவம், ஸாரி ஸாரி என்று நகர்ந்துபோனான்.

திங்கட்கிழமை காலை குரானா சார் டீ குடிப்பதற்கு முன்பே போய் எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பிளை மேஜையில் வைத்து, அவரை ஆறடி தள்ளி நிற்க வைத்துக் காட்டினேன். அவருக்கும் தெரிந்தது. ஒரு நிமிஷம் தாடையைச் சொறிந்தார்.

"பிலோமினா ஜி, இதை நீங்கள் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை" என்றார்.

காரணமும் சொன்னார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல. வர்ணம் பூசியவள் கவனக்குறைவு என்றால் அது ஓர் ஆளின் தவறு. ஆளை எடுத்தாகிவிட்டது, விஷயம் முடிந்தது. சாம்பிளே தவறு என்றால் அது கம்பெனியின் தவறு. முந்நூறு பேருக்கும் புதுத் தலை செய்து அனுப்ப வேண்டும். "உங்கள் பெயரும் கெடும். இத்தனை வருடம் சம்பாதித்த பெயர். ஒரு பெயின்ட் அடிக்கும் பெண்ணுக்காக எதற்கு? அவளைப் போல நூறு பேர் கிடைப்பார்கள்."

அதோடு நிற்கவில்லை. புதன்கிழமை அந்த ஷ்ருதியைப் பட்டறைக்கு அழைத்திருந்தார். நாங்கள் எவ்வளவு கவனமாகத் தரம் பார்க்கிறோம் என்று அவள் ஒரு வீடியோ எடுப்பாள். நான் லென்ஸோடு உட்கார்ந்து காட்ட வேண்டும். கவனமில்லாத ஒரு தொழிலாளியை நீக்கிவிட்டோம் என்று என் வாயால் சொல்ல வேண்டும். "நீங்கள் சொன்னால் நம்புவார்கள். உங்கள் முகத்தில் அந்தக் கண்டிப்பு இருக்கிறது."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். அதைத்தான் அந்த ஆள் கண்டிப்பு என்று நினைத்துவிட்டார். "அச்சா, சரி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மனம் ஒப்பி அப்படிச் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்துதான் சொன்னேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது.

அந்த இரண்டு நாளும் வர்ண மேஜைப் பக்கம் போகும்போதெல்லாம் பேச்சு நின்றுவிடும். வடிவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மஹாலட்சுமி அதன் மேல் தன் பையை வைத்திருந்தாள். யாராவது என்னைப் பார்த்து இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எல்லாரும் "ஜி மேடம்" என்றார்கள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு ஷ்ருதி வந்தாள். செல்போனை ஒரு குச்சியில் பொருத்தி என் மேஜைக்கு எதிரே நிறுத்தினாள். குரானா சார் இஸ்திரி போட்ட சட்டையில் அவளுக்குப் பக்கத்தில் நின்றார். வர்ணப் பெண்கள் ஐந்து பேரும் அவரவர் இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷ்ருதி எதுவும் தெரியாதவளைப் போல, ஹிந்தியில் மரியாதையாக, "உங்கள் கம்பெனியில் ஒரு பொம்மை நல்லதா கெட்டதா என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

நான் சாம்பிளை எடுத்தேன். கழுத்துச் சீட்டைக் காமிராவுக்கு நேராகப் பிடித்தேன். தமிழில் சொன்னால் எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் புரியும். அதனால் ஹிந்தியில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"இது என் கையெழுத்து. இந்தத் தலையின் இடது கண் குழி கோணல். நான் லென்ஸில் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். எங்களிடம் கண் வைக்கிற பெண் வடிவு. அவள் இதைக் கண்டுபிடித்தாள். இருபது தலையில் சரிசெய்தும் கொடுத்தாள். நான் இதோ இந்தப் பெண்கள் முன்னால் அவளைத் திட்டி, அந்த இருபதையும் அழிக்க வைத்தேன். நீங்கள் பார்த்துச் சிரித்த கண் அவள் வைத்தது இல்லை, நான் வைக்கச் சொன்னது. அதற்காக வேலை போனது அவளுக்கு."

"பந்த் கரோ, பந்த் கரோ இஸ்கோ" என்று நிறுத்தச் சொல்லிக் கையை நீட்டினார் குரானா. ஷ்ருதி குச்சியைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். நிறுத்தவில்லை. அவளுடைய முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஆன்ட்டி, இது ரெக்கார்ட் ஆகுது" என்று தமிழில் சொன்னாள்.

"ஆகட்டும். அதுக்குத்தான சொல்லுதேன்."

அதன் பிறகு குரானா சார் என்னைத் தன் அறையில் வைத்து அரை மணி நேரம் கத்தினார். நானும் கத்தினேன். பதினைந்து நாள் என்னை வீட்டில் இருக்கச் சொன்னார். ஆனால் வீடியோ வந்த மூன்றாம் நாளே போன் செய்தார். தவறை ஒப்புக்கொண்ட கம்பெனி என்று ஜனங்கள் பாராட்டுகிறார்களாம். முந்நூறு பேருக்கும் புதுத் தலை இலவசம் என்று அவரே அறிவித்தும்விட்டார். 'நேர்மையே எங்கள் தரம்' என்று ஒரு படம்கூடப் போட்டிருந்தார்கள், கீழே அவர் கைகட்டி நிற்கிறார். அதைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தில் செல்போனைச் சுவரில் அடித்திருப்பேன். அடிக்காததற்குக் காரணம், வடிவைத் திரும்பக் கூப்பிடுவதாகவும் அதே வாயால் சொல்லியிருந்ததுதான்.

கூப்பிட்டார்கள். அவள் வரவில்லை. எனக்குப் போன் செய்தாள்.

"எம்பொண்ணு வீடியோ காட்டுச்சி. பாத்தேன்" என்றாள். நன்றி, சந்தோஷம், ஒன்றும் இல்லை. "வரேன். ஆனா புதுத் தலைக்கு சாம்பிள் போடறப்ப எனுக்கும் காட்டணும். சீட்டுல என் கையெழுத்தும் இருக்கணும். நான் கையெழுத்து போடாத தலைக்கு நான் கண்ணு வைக்க மாட்டேன்."

குரானாவிடம் சொன்னேன். பெயின்ட் அடிக்கிறவள் கையெழுத்தா என்று சிரித்தார். "அப்படியென்றால் என் கையெழுத்தும் கிடையாது, வேறு ஆளைப் பாருங்கள்" என்றேன். என்னைப் போலவும் நூறு பேர் கிடைப்பார்கள்தான், ஆனால் புதுத் தலை அனுப்பும் தேதியை அவர் ஊருக்கே அறிவித்துவிட்டிருந்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

புது அச்சில் முதல் தலை போன வெள்ளிக்கிழமை வந்தது. இந்தத் தடவை கண் வைத்தது வடிவுதான். ஆனால் கண் குழியும் இமையும் அச்சிலேயே வருவது, அவள் கைவேலை இல்லை. நான் லென்ஸில் பார்த்தேன். லென்ஸை வைத்துவிட்டு ஆறடி தள்ளிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன், விளக்கில் பார்த்தேன். உட்கார்ந்து பார்த்தேன், நின்று பார்த்தேன். பார்வை நேராக என் மேல் இருந்தது. அருமையான தலை. பேனாவைத் திறந்தேன். குரானா சார் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்தார்.

வடிவு தலையை வாங்கிக்கொண்டு போய் அலமாரித் தட்டில் வைத்தாள். சுவரோரம் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தாள். மேஜையில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"வேணாங்க்கா" என்றாள்.

"எங்க?"

"எடது எம. கொஞ்சம் தூங்குது."

நான் போய்ப் பார்த்தேன். இமை தூங்கவில்லை. மறுபடி லென்ஸை எடுத்துப் பார்த்தேன். வலது இமையை அளந்தேன், இடது இமையை அளந்தேன். கிட்டே பார்த்தேன், எட்ட நின்று பார்த்தேன், வடிவு நின்ற அதே இடத்தில் போய் நின்றும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இத்தனை பேர் பார்க்க, இத்தனை வருடம் பார்த்த கண்ணை வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். தரை துடைக்க வந்தவள் தூங்குகிறது என்கிறாள். வேண்டுமென்றே செய்கிறாளோ, என்னைப் பழி வாங்குகிறாளோ என்று ஒரு நினைப்பு ஓடியது. நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் பார்வை அந்தத் தலையின் மேல் இருந்தது.

"க்யா ஹுவா? பாஸ் ஹை ந?" என்று, பாஸ்தானே என்கிற தோரணையில் கேட்டார் குரானா.

நான் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"பாஸ் நஹி ஹை" என்றேன். பாஸ் இல்லை.

என்ன குறை என்று அவர் கேட்டார். வடிவைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு என் மேஜைக்கு வந்துவிட்டேன். அந்த இமையில் என்ன குறை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.